நிற்கும் அசல், ஓடும் நகல்: மொஹோலி-நாகியின் ஒளிப்பொறி பற்றிய ஓர் ஆய்வு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரில், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் ஒரு பொறி நிற்கிறது. உயரம் 151 செ.மீ.; பக்கத்தில் போய் நின்றால் நம் மோவாய் வரை வரும். அகலமும் ஆழமும் 70 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. அலுமினியம், எஃகு, நிக்கல் முலாம் பூசிய பித்தளை, பிளாஸ்டிக், மரம், அடியில் ஒரு மின்மோட்டார். துளை போட்ட வட்டத் தகடுகள், கம்பிவலை, நீண்ட கம்பிகள், ஒரு சுருள், ஒரு சிறு பந்து என்று மேலே பலதும் இருக்கின்றன. எல்லாம் சுழல்வதற்காகச் செய்யப்பட்டவை. ஆனால் பெரும்பாலான நேரம் பொறி அசையாமல்தான் நிற்கிறது. எப்போதாவது சில நிமிடம் ஓட விடுகிறார்கள், பிறகு நிறுத்திவிடுகிறார்கள்.

செய்தவர் ஹங்கேரியில் பிறந்த கலைஞர் லாஸ்லோ மொஹோலி-நாகி. 1930இல் முடித்தார். அவர் வைத்த பெயர் ஜெர்மன் மொழியில். தமிழில் சொன்னால் ‘மின்சார மேடைக்கான ஒளிச்சாதனம்’. ஆங்கிலம் பேசும் உலகில் பின்னால் அதற்கு இன்னொரு பெயர் நிலைத்தது: லைட்-ஸ்பேஸ் மாடுலேட்டர், அதாவது ஒளியையும் வெளியையும் மாற்றியமைப்பது. முதல் பெயரில் அது ஒரு மேடைச் சாமான். நாடகக் கொட்டகையில் விளக்கு, திரை, கயிறு என்று இருக்குமே, அந்த வகை. இரண்டாம் பெயரில் அது ஒரு சிற்பம். இந்த இரண்டு பெயர்களுக்கு நடுவில் நடந்ததைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன். கேள்வி எளிமையானது: இதில் கலை எது? உலோகமா, அந்த உலோகம் சுவரில் எறியும் நிழலா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிழல்தான். அப்படியானால் நிற்கும் அசலைவிட ஓடும் நகல் அந்தக் கலைக்கு நெருக்கமானது. இதைச் சொல்லும்போது அசலைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் பின்னால் சொல்கிறேன்.

பொருளை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

மொஹோலி-நாகி 1895இல் தெற்கு ஹங்கேரியில் பாச்போர்ஷோத் என்ற கிராமத்தில் பிறந்தவர். புடாபெஸ்ட்டில் சட்டம் படிக்கப் போனார். முதல் உலகப்போர் வந்தது. பீரங்கிப் படையில் சேர்ந்து காயம்பட்டார். போர்முனையில் ராணுவத் தபால் அட்டைகளின் பின்புறத்தில் வரைந்து பழகிய கை அவருடையது. 1919இல் வியன்னா, அடுத்த ஆண்டு பெர்லின். அங்கே பின்னாளில் புகைப்படக் கலைஞராக அறியப்பட்ட லூசியாவைச் சந்தித்தார், 1921இல் கல்யாணம்.

1922இல் இருவரும் சேர்ந்து கேமரா இல்லாமல் படம் எடுக்கத் தொடங்கினார்கள். ஒளியை உணரும் தாளை இருட்டறையில் விரித்து, அதன்மேல் ஏதாவது ஒரு சாமானை வைத்து, ஒரு கணம் விளக்கைப் போட்டு அணைத்துவிட்டுத் தாளைக் கழுவினால், சாமான் மறைத்த இடம் வெள்ளையாகவும் ஒளி பட்ட இடம் கருப்பாகவும் வரும். கண்ணாடி போல ஒளியைப் பாதி விடுவது என்றால் சாம்பல் நிறத்தில் எத்தனையோ படிகள் கிடைக்கும். இதற்கு ஃபோட்டோகிராம் என்று பெயர். இருட்டறை வேலையை நன்றாக அறிந்தவர் லூசியாதான். அந்தச் சோதனைகளில் அவருடைய பங்கு வெளியே தெரிய நெடுங்காலம் ஆயிற்று. இந்த விஷயத்தில் கலை வரலாறு அவருக்கு இன்னும் கடன்பட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஃபோட்டோகிராமில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. படம் முடிந்ததும் சாமானைத் தூக்கி அலமாரியில் வைத்துவிடலாம். அது வெறும் கருவி. தாளில் இருப்பது ஒளி நடந்துபோன தடம் மட்டும்.

அடுத்த ஆண்டு, 1923இல், கட்டடக் கலைஞர் வால்டர் க்ரோபியஸ் அழைத்து, ஜெர்மனியின் வைமார் நகரில் அவர் நிறுவியிருந்த பௌஹவுஸ் கலைப்பள்ளிக்கு ஆசிரியராகப் போனார். முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்த ஆண்டில்தான் அவருடைய ‘தொலைபேசிப் படங்கள்’ வந்தன. ஒரே வடிவியல் அமைப்பு, மூன்று வெவ்வேறு அளவுகள், எஃகுத் தகட்டில் பீங்கான் எனாமல். விளம்பரப் பலகை செய்யும் ஒரு தொழிற்சாலையில் கொடுத்துச் செய்தார். கட்டம் போட்ட தாளில் வரைபடம் ஒன்றைத் தன் கையில் வைத்துக்கொண்டு, அதே போன்ற தாளைத் தொழிற்சாலைக்காரர் கையில் வைத்துக்கொள்ள, தொழிற்சாலையின் வண்ண அட்டையிலிருந்து நிறங்களைச் சொல்லி, தொலைபேசியிலேயே ஆர்டர் கொடுத்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். லூசியா அதை மறுத்திருக்கிறார்: கணவர் நேரில் போய்த்தான் கொடுத்தார், வேலை அவ்வளவு சரியாக வந்ததைக் கண்டு ‘இதைத் தொலைபேசியில்கூடச் சொல்லியிருக்கலாமே’ என்று சந்தோஷத்தில் சொன்னார், அவ்வளவுதான் என்று. எனக்கு லூசியா சொல்வதில்தான் நம்பிக்கை. எப்படி இருந்தாலும் விஷயம் மாறாது. ஓவியரின் கை படாமல், இன்னொருவர் செய்து தரும் தகடு ஓவியமாகுமா என்ற கேள்விக்கு ‘ஆகும்’ என்று அவர் 1923இலேயே பதில் சொல்லிவிட்டார்.

ஃபோட்டோகிராமில் பொருள் விலகியது. எனாமல் படத்தில் கை விலகியது. ஒளிப்பொறிக்கு வரும்போது இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் இருந்த பொறி

1922இல் எண்ணம் பிறந்தது. முடிய எட்டு ஆண்டு ஆயிற்று. தனியாகச் செய்யக்கூடிய வேலை அல்ல. பொறியின் வரைபடங்களைத் தயாரித்தவர் இன்னொரு ஹங்கேரியர், ஸ்டெஃபான் செபோக். 1901இல் பிறந்த கட்டடக் கலைஞர். க்ரோபியஸின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பின்னால் சோவியத் நாட்டுக்குப் போய், அங்கே சிறையில் இறந்துபோனார். உலோகத்தை வெட்டி, கடைந்து, பொருத்தியவர் பெர்லினில் இருந்த ஓட்டோ பால் என்ற மெக்கானிக். ஜெர்மனியின் பெரிய மின்சார நிறுவனமான ஏ.இ.ஜி. ஆதரவு தந்தது. பொறியின் பெயரைச் சொல்லும்போது மொஹோலி-நாகியோடு இந்த இருவரையும் சேர்த்துச் சொல்வதுதான் சரி.

முதல்முறை அது ஓடியது ஒரு சின்னப் பட்டறையில். அந்தக் கணத்தைப் பற்றி மொஹோலி-நாகி பிற்பாடு எழுதியிருக்கிறார். அசைவுகளும் நிழல்களும் ஒன்றோடொன்று சேர்ந்து போன விதத்தைப் பார்த்து, இது மாயமோ என்றுகூடத் தோன்றிவிட்டதாம். எட்டு வருஷம் கணக்குப் போட்டுச் செய்தவருக்கே அப்படி.

சரி, அது எப்படி வேலை செய்தது? அடியில் ஒரு வட்டத் தட்டு சுழல்கிறது. அதன்மேல் மூன்று பகுதிகள். ஒவ்வொன்றிலும் தனித்தனி அசைவு. ஒன்றில் உலோகக் கம்பிகள் நேர்வழியில் போகாமல் அலைபோல் அசைகின்றன. இன்னொன்றில் துளை போட்ட தகடுகள் முன்னும் பின்னுமாக மேலேறி இறங்குகின்றன. ஒரு பந்து விடுபட்டு ஓடுகிறது. மூன்றாவதில் ஒரு சுருள் சுழல்கிறது. வேகமாகச் சுற்றும்போது இல்லாத ஒரு கூம்பு இருப்பதுபோலத் தெரிகிறது. கெட்டியாக ஒளியை மறைக்கும் பாகங்கள் உண்டு, ஒளியை அப்படியே விடும் பாகங்கள் உண்டு, வலைபோல் சலித்து விடும் பாகங்களும் உண்டு. மூன்று பகுதிகளும் தட்டோடு சேர்ந்து சுற்றும்போது ஒன்றின் நிழல் இன்னொன்றின்மேல் விழுந்து, இரண்டும் சேர்ந்து சுவருக்குப் போகின்றன.

முக்கியமான விஷயம், இது திறந்த வெளியில் நிற்கும்படி நினைக்கப்படவில்லை. 1930இல் ‘டி ஃபோர்ம்’ என்ற ஜெர்மன் இதழில் அவரே இதன் அமைப்பை விளக்கி எழுதினார். பொறி இருக்க வேண்டியது ஒரு பெட்டிக்குள். பெட்டியின் முன்பக்கத்தில் வட்டமாக ஒரு திறப்பு. அந்தத் திறப்பைச் சுற்றி மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு, வெள்ளை பல்புகள். உள்ளே இன்னொரு பலகை, அதிலும் ஒரு வட்டத் திறப்பு, அதைச் சுற்றியும் பல்புகள். முன்கூட்டியே போட்ட திட்டப்படி அவை அங்கங்கே எரிந்து அணையும். எரிந்து அணைய வைப்பது ஒரு சுழலும் உருளை. அதில் பதித்த தொடுமுனைகள் வந்து படும்போது அந்தந்தச் சுற்றுக்கு மின்சாரம் போகும், விலகும்போது நிற்கும். நம் ஊர்த் திருவிழாக்களில் பல்புகளால் ஆன அம்மன் உருவம் கை அசைப்பதும் சக்கரம் சுழல்வதும் இதே தத்துவத்தில் நடந்தவைதான்.

பார்ப்பவர் கண்ணில் படுவது வட்டத் திறப்பின் வழியே தெரியும் ஒளியும் நிழலும். இன்னொன்றும் எழுதினார்: அறையை இருட்டாக்கிவிட்டால் பெட்டியின் பின்சுவரையே எடுத்துவிடலாம், பின்னால் எவ்வளவு பெரிய திரை வேண்டுமானாலும் வைத்து அதில் நிறத்தையும் நிழலையும் விழச் செய்யலாம் என்று. அப்படியானால் பொறி சினிமா புரொஜெக்டர் மாதிரி. கொட்டகையில் யாரும் புரொஜெக்டரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு உட்காருவதில்லை.

இதை எழுதியபோதே இன்னும் ஒரு படி மேலே போனார். இப்படிப்பட்ட ஒளி நிகழ்ச்சிகளை ஒருநாள் வானொலி வழியாக அனுப்பலாம். வீட்டில் இருக்கும் கருவியின் நிற வடிகட்டிகளை நிலையத்திலிருந்தே மாற்றலாம் என்றார். 1930இல் சொன்னது. இன்று கைபேசியில் தட்டி வரவேற்பறை பல்பின் நிறத்தை மாற்றுகிறவர்கள் அவர் நினைத்த உலகத்தில்தான் வாழ்கிறோம். ஆனால் அவர் கேட்டது விளக்கின் நிறம் மாறுவதை அல்ல. இசை நிகழ்ச்சிபோல ஒளிக்கு ஒரு நிகழ்ச்சி இருக்க வேண்டும் என்பதை. அது இன்னும் வரவில்லை.

1930இல் பாரிஸ் கிராண்ட் பாலேயில் நடந்த அலங்காரக் கலைஞர்களின் கண்காட்சியில், க்ரோபியஸ் பொறுப்பில் அமைந்த ஜெர்மன் பகுதியில், பொறி முதன்முதலாகப் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டது.

கருப்பு வெள்ளையில் தொலைந்த நிறம்

அதே ஆண்டு பொறியை வைத்து மொஹோலி-நாகி ஒரு குறும்படம் எடுத்தார். ‘ஒளியாட்டம்: கருப்பு-வெள்ளை-சாம்பல்’ என்று பெயர். ஒலி இல்லை. ஆறு நிமிடம் போல ஓடும். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டிய படம். நான் அப்படித்தான் பார்த்தேன். முதல் தடவை எது தகடு, எது நிழல் என்று பிரிக்க முயன்று தோற்றேன். இரண்டாம் தடவை அந்த முயற்சியை விட்டுவிட்டேன், அப்போதுதான் படம் பிடிபட்டது.

இந்த ஆய்வுக்கு அந்தப் படம் பெரிய சாட்சி. ஆனால் கவனமாகக் கையாள வேண்டிய சாட்சி. ஒரு காட்சியின்மேல் இன்னொன்றை ஏற்றியிருக்கிறார். சில இடங்களில் நெகட்டிவை அப்படியே காட்டியிருக்கிறார். மிக நெருக்கத்தில் எடுத்த காட்சிகள் நிறைய. பொறி எப்படி ஓடியது என்பதை அப்படியே பதிவு செய்வது அவர் நோக்கமாக இருக்கவில்லை. பொறியைக் கொண்டு இன்னொரு கலைப்படைப்பைச் செய்தார். அப்புறம், பெயரிலேயே இருக்கிறதே, நிறம் இல்லை. ஐந்து நிறப் பல்புகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு என்ன செய்தன என்பதற்கு அவர் எழுத்து மட்டும்தான் நமக்கு மிச்சம்.

என் வாதத்துக்கு எதிரான சாட்சியும் இதே படத்தில் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நிழல்தான் முக்கியம் என்றால் கேமரா நிழல் விழும் சுவரைத்தானே பார்த்திருக்க வேண்டும்? பல காட்சிகளில் அது பளபளக்கும் உலோகத்தையே பார்க்கிறது. துளைகளின் வரிசை, தகட்டின் விளிம்பில் ஓடும் ஒளிக்கீற்று என்று ஆசையோடு பார்க்கிறது. மறைத்து வைக்கச் செய்த பொறியின் அழகில் செய்தவரே மயங்கிவிட்டார் என்றுதான் படுகிறது. சிற்பம் என்ற எண்ணத்துக்கு முதல் விதை போட்டவர் அவரேதான்.

எல்லை கடந்த சாமான்

ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் 1934இல் ஆம்ஸ்டர்டாம், 1935இல் லண்டன், 1937இல் சிகாகோ. போன இடமெல்லாம் பொறியையும் தூக்கிக்கொண்டு போனார். அவருடைய இரண்டாம் மனைவி சிபில் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இந்தப் பயணங்கள் வருகின்றன. ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் இது என்ன என்று கேட்பார்கள். கலைப்பொருள் என்றால் யாரும் நம்பவில்லை. கலக்கும் இயந்திரம், நீரூற்று, ரோபோ என்று ஒவ்வொரு ஊரில் ஒவ்வொரு பெயர். முடி திருத்தும் கடைச் சாமான் என்று எழுதியபோது கேள்வி கேட்காமல் விட்டார்களாம். ஒரு டஜன் பிள்ளைகளைவிட அதிகத் தொல்லை கொடுத்தது அது என்கிறார் சிபில். கைக்குழந்தையோடு நாடு விட்டு நாடு போன ஒரு பெண்ணின் வார்த்தை என்பதால் அதை நான் சும்மா சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுங்க அதிகாரிகள் என்றதும் இன்னொரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். காலத்தில் பின்னால் நடந்தது, ஆனால் இந்த ஆய்வின் நடுமுடிச்சு அதில்தான் இருக்கிறது. அமெரிக்கக் கலைஞர் டான் ஃப்ளேவின் கடையில் விற்கும் டியூப் லைட்டுகளைக் கொண்டே தன் படைப்புகளைச் செய்தவர்; 1963இல் ஒரே ஒரு டியூபைச் சுவரில் சாய்வாக மாட்டித் தொடங்கினார். அவர் படைப்பு ஒன்று பகுதி பகுதியாகப் பிரிட்டனுக்குள் வந்தபோது, அது கலையா, விளக்குச் சாமானா, எந்த வரி போடுவது என்று வழக்கு எழுந்தது. தீர்ப்பாயம் கலை என்றது. 2010இல் ஐரோப்பிய ஆணையம் அதை மாற்றி, விளக்குச் சாமான் என்று வகைப்படுத்தியது. அதற்குச் சொன்ன காரணம்தான் கவனிக்க வேண்டியது: கலை என்பது இந்த அமைப்பு அல்ல, அது இயங்கும்போது உண்டாகும் ஒளி விளைவு.

கலையுலகம் கொதித்தது. வரி விஷயத்தில் அந்த முடிவு தவறு என்றே நானும் நினைக்கிறேன். எரியாத டியூபும் எரியப்போகும் கலையின் பகுதிதான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். 1930இல் மொஹோலி-நாகி எழுதியதும் அதையேதான். பெட்டி, மோட்டார், தகடு எல்லாம் சாதனம். கலை அது ஓடும்போது மட்டும் இருக்கிறது, நின்றால் இல்லை.

அசல் என்ன ஆயிற்று?

சிகாகோவில் மொஹோலி-நாகி நியூ பௌஹவுஸ் பள்ளியைத் தொடங்கினார். ஓராண்டில் அது மூடப்பட, 1939இல் இன்னொரு பள்ளி தொடங்கினார். 1944இல் அது இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைன் ஆனது. பணத்துக்கு அலைவதிலும் பாடம் நடத்துவதிலும் நாட்கள் போயின. ஒளிக்கு ஒரு பெரிய அரங்கம் என்ற கனவுக்குப் பணம் தர யாரும் முன்வரவில்லை. இந்த வேதனையை அவர் முன்பே, 1934இல், செக் நாட்டு நண்பர் ஃப்ரான்டிஷெக் கலிவோடாவுக்கு எழுதிய கடிதத்தில் கொட்டியிருக்கிறார். ஒளியால் ஓவியம் தீட்டத் திட்டங்கள் வைத்திருந்தும், சாதனங்கள் கிடைக்காததால் மறுபடி தூரிகைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது என்று.

திரும்பிய பிறகும் ஒளியை விடவில்லை. பிளெக்ஸிகிளாஸ் என்ற, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகட்டைச் சூடேற்றி வளைத்து, கீறி, அதன்மேல் வண்ணம் தீட்டி, சுவரிலிருந்து சற்று விலக்கி மாட்டினார். வண்ணம் ஒரு படம், சுவரில் விழும் அதன் நிழல் இன்னொரு படம். 1945இல் ரத்தப் புற்றுநோய் (லியூகேமியா) என்று தெரிந்தது. அந்த ஆண்டு வரைந்த ஓர் ஓவியத்துக்கு ‘லியூக் 4’ என்று நோயின் பெயரையே வைத்தார். 1946 நவம்பர் 24 அன்று சிகாகோவில் இறந்தார். வயது 51.

பத்து ஆண்டு கழித்து, 1956இல், சிபில் பொறியை ஹார்வர்டின் புஷ்-ரைசிங்கர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். பெட்டி இல்லை. நிறப் பல்புகள் இல்லை. பலமுறை கப்பலேறி இறங்கிய உலோகம் மட்டும். அதற்கு முன்னும் பின்னும் பலமுறை பழுது பார்க்கப்பட்டது, பாகங்கள் மாற்றப்பட்டன.

காப்பாளர்கள் பக்கத்து நியாயம் இங்கே தொடங்குகிறது. பற்சக்கரமும் சங்கிலியும் உள்ள எந்தப் பொறியும் ஓட ஓடத் தேயும். தேய்ந்த பல்லை மாற்றலாம், மோட்டாரை மாற்றலாம், வளைந்த கம்பியை மாற்றலாம். ஆனால் ஓட்டோ பால் கையால் கடைந்த பாகம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். இருபது ஆண்டு தினமும் ஓட்டினால் அசலில் அசல் எவ்வளவு மிஞ்சும்? எனவே நிறுத்தி வைக்கிறார்கள். அந்த இடத்தில் நான் இருந்தாலும் நிறுத்தித்தான் வைப்பேன். செபோக்கின் வரைபடம் எப்படி உலோகமானது, எந்த மூட்டு எப்படிப் பூட்டப்பட்டது என்பதை அந்த உலோகம் மட்டும்தான் சொல்லும். அது ஆவணம். ஆவணத்தைக் கிழிய விடக் கூடாது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. வெளிச்சமான கூடத்தில், நான்கு பக்கமும் சுற்றிப் பார்க்கும்படி, அசையாமல் நிற்கும் அந்த ஆவணத்தைப் பார்த்துவிட்டு, மொஹோலி-நாகியின் ஒளிக்கலையைப் பார்த்துவிட்டேன் என்று ஒருவர் வெளியே போவது. ஃபோட்டோகிராமில் சாமானை எடுத்துவிட்டு நிழலை வைத்துக்கொண்டவர் அவர். இங்கே நிழல் போய்விட்டது, சாமான் நிற்கிறது.

நகல்கள்

1970இல் நியூயார்க்கின் ஹோவர்ட் வைஸ் கலைக்கூடத்தின் முயற்சியில், மொஹோலி-நாகியின் மகள் ஹட்டுலாவின் ஒப்புதலோடு, இரண்டு நகல்கள் செய்யப்பட்டன. செய்தவர் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பொறியாளர் வூடி ஃப்ளவர்ஸ். ஒன்று நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் வான் ஆபெ அருங்காட்சியகத்துக்கும், மற்றொன்று பெர்லினின் பௌஹவுஸ் ஆவணக் காப்பகத்துக்கும் போயின. 2006இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகம், பௌஹவுஸின் இன்னோர் ஆசிரியரான யோசெஃப் ஆல்பெர்ஸையும் மொஹோலி-நாகியையும் சேர்த்து ஒரு கண்காட்சி நடத்தியது. அதற்காக ஜெர்மனியில் இன்னொரு நகல் செய்யப்பட்டது. 2016இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் நடந்த பெரிய கண்காட்சியில் ஓடியதும் அந்த நகல்தான்.

நகல் செய்வது சின்ன வேலை இல்லை. எந்த வயதுப் பொறியை நகலெடுப்பது என்ற கேள்வியே முதலில் வரும். 1930இல் பட்டறையை விட்டு வெளியே வந்ததையா, பழுது பார்த்துப் பார்த்து இன்று நிற்பதையா? உலோகத்தின் பளபளப்பு எவ்வளவு? மங்கிய தகடு ஒளியைச் சிதறடிக்கும், மெருகேற்றிய தகடு கண்ணாடிபோல் திருப்பி அடிக்கும். நிழலின் கூடவே சுவரில் விழும் ஒளித்திட்டுகள் அதற்கேற்ப மாறும். வேகம் என்ன? கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் சுருளின் கூம்பு நன்றாகத் தெரியும், ஆனால் சுவரில் நிழல்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைவதைக் கண் பிடிக்க முடியாது. ஒவ்வொரு நகலும் இப்படிப் பல முடிவுகளின் கூட்டு. மொஹோலி-நாகி இதைத் தவறென்று சொல்லியிருப்பார் என்று நான் நம்பவில்லை. எனாமல் தகட்டைத் தொழிற்சாலையில் கொடுத்துச் செய்தவர் அவர். வரைபடமும் நிற எண்ணும் கையில் இருந்தால் வேலையை யார் செய்தாலும் அது தன் படைப்பே என்ற துணிச்சல் அவருடையது.

நகலுக்கு ஒரு சரியான இடமும் கிடைத்திருக்கிறது. ஹனோவர் அருங்காட்சியகத்தின் இயக்குநர் அலெக்ஸாண்டர் டோர்னர் 1930இல் மொஹோலி-நாகியிடம் ஒரு கூடத்தை வடிவமைக்கச் சொன்னார். ‘நிகழ்காலத்தின் அறை’ என்று பெயர். புகைப்படம், திரைப்படம், கட்டடம், நாடகம் எல்லாம் ஒரே அறையில். நடுவில் இந்தப் பொறி. வருகிறவர் பொத்தானை அழுத்தினால் ஓடும். அன்று அது கட்டி முடிக்கப்படவில்லை. மிஞ்சிய வரைபடங்களையும் கடிதங்களையும் கொண்டு 2009இல்தான் அந்த அறை எழுந்தது. அதில் ஓடுவதற்கு நகலால்தான் முடியும். பார்க்க வருகிறவர் யாரோ ஒருவர் விரலால் தொட்டு, எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டுவதற்கு அசலை யார் தருவார்கள்?

பல்பு என்ற கடைசிச் சிக்கல்

நகல்கள் ஓடுகின்றன என்றேன். ஆனால் அவற்றையும் பெரும்பாலும் பெட்டி இல்லாமல், நிறப் பல்பு வளையம் இல்லாமல், பக்கத்திலிருந்து அடிக்கும் விளக்குகளில்தான் காட்டுகிறார்கள். நிழல் திரும்பி வந்துவிட்டது, நிறம் இன்னும் வரவில்லை.

அதைக் கொண்டுவர நினைப்பவருக்கு முன்னால் நிற்பது பல்புதான். 1930இன் பல்பு என்பது குண்டு பல்பு. டங்ஸ்டன் இழை சூடாகி எரிவது. மின்சாரம் வந்ததும் இழை சூடேறக் கண நேரம் ஆகும். நின்றதும் குளிரக் கண நேரம் ஆகும். அந்தக் கண நேரத்தில் ஒளி சிவந்து எழுந்து, சிவந்து அடங்கும். உருளையின் தொடுமுனை சட்டென்று விலகினாலும் ஒளி மெல்லத்தான் விலகும். ஒரு நிறம் போய்முடிவதற்குள் அடுத்தது அதன்மேல் ஏறிவிடும். எல்.இ.டி. அப்படி இல்லை. பட்டென்று எரியும், பட்டென்று அணையும். அதை அப்படியே போட்டால் அடுத்தடுத்து வெட்டி ஒட்டிய காட்சிகள்போல் ஆகிவிடும். மின்னணுவியலால் மெதுவாக்கலாம்தான், அந்தச் சிவப்பு ஏற்ற இறக்கத்தையும் கணக்குப் போட்டுச் சேர்க்க வேண்டும்.

நிழலின் விளிம்பும் பல்பைப் பொறுத்தது. தெளிவான கண்ணாடிக்குள் இருக்கும் இழை ஒரு சிறு கோடு. அதிலிருந்து வரும் ஒளியில் துளைத் தகட்டின் ஒவ்வொரு துளையும் சுவரில் கூர்மையாக விழும். பால்போன்ற கண்ணாடி போட்ட பல்பு என்றால் முழு பல்பும் ஒளிர்வதால் விளிம்பு கரைந்து பஞ்சுபோல் ஆகும். இரண்டும் இரண்டு வெவ்வேறு படைப்புகள் என்றே சொல்லலாம்.

வீட்டு உபயோகத்துக்கான குண்டு பல்புகளை ஐரோப்பா 2009 முதல் படிப்படியாகச் சந்தையிலிருந்து விலக்கிவிட்டது. அமெரிக்காவிலும் இப்போது அவை கடைகளில் அநேகமாக இல்லை. உலோகத் தகட்டை இன்றும் எந்தப் பட்டறையிலும் வெட்டித் துளை போடலாம், பற்சக்கரத்தைக் கடைந்துகொள்ளலாம். மஞ்சளும் பச்சையும் நீலமும் சிவப்பும் வெள்ளையுமாக அந்தப் பெட்டியை யாராவது மறுபடி கட்டப்போகிறார்கள் என்றால், தெளிவான கண்ணாடியில் செய்த குறைந்த வாட் குண்டு பல்புகளைச் சில நூறாவது இப்போதே தேடிச் சேர்த்து, ஈரம் படாமல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஓட ஓட அவை பழுதாகிக்கொண்டே இருக்கும். மாற்றுவதற்கும் கையிருப்பு வேண்டும்.